மூன்றாவது பேர்

சகலரும் அறிந்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு முக்கிய சமாசாரம்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருடம், ஜூன் மாதம் பதினோராம் தேதி, திங்கட்கிழமை மாலை நாலரை மணிக்கு, லிந்துலைக்கு மேலே மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், தூரத்தில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில், கணக்கப்பிள்ளை திருவாளர் கணேசமூர்த்தி அவர்களுடைய வீட்டு அடுப்படியில், மூன்றாவது தட்டு ஈரமாக இருந்தது.

அந்த வாரம் கொழும்பில் மொழிச் சட்டத்தை வைத்து மண்டைகள் உடைந்துகொண்டிருந்தன. பத்திரிகைகள் அதைத்தான் பெரிதாகப் போட்டன. தட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் கணேசமூர்த்திக்கு அன்று கொழும்பு மறந்துபோய்விட்டது. அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்று அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர், அவரும் மனைவி காளியாயியும். இரண்டு பேருக்கு இரண்டு பீங்கான் தட்டு. சிவப்பு விளிம்பு வைத்த சின்னத் தட்டு மட்டும் மூன்று வருடமாகப் பலகையின் மூலையில் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் புகைக்கரி படிந்து சிவப்பு எது, கறுப்பு எது என்று தெரியாமல் போயிருந்தது. இப்போது அது பளிச்சென்று கழுவி வைத்திருந்தது. விளிம்பிலிருந்து ஒரு சொட்டு நீர் விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

எதையும் எண்ணிப் பார்ப்பது அவர் தொழில். தினம் காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில், கல்படியின் மேல் ஏறி நின்று, தொழிலாளர்களின் பேர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். கூப்பிட்டவுடன் "இருக்கேங்க" என்று பதில் வரவேண்டும். வராவிட்டால் பேர்மேல் பென்சில் கோடு. அன்றைக்கு அந்த ஆள் கிடையாது. ஒரு தரம் மூன்றாம் லயத்து வரிசை வீட்டில் இருந்த பழனியாண்டி பல்வலியில் தாடை வீங்கி வாய் திறக்க முடியாமல் அவர் மூக்குக்கு நேரே நின்றான். கையைத் தூக்கினான், தலையை ஆட்டினான், கண்ணீர்கூட விட்டான். கணேசமூர்த்தி அவனை ஊடுருவிப் பார்த்து, "பழனியாண்டி வரல்ல" என்று கோடு போட்டார். அவரைப் பொறுத்தவரை ஆள் என்பது ஒரு பேரும் அதற்கு வரும் பதிலும்தான். நடுவில் நிற்கிற உடம்பு சும்மா ஒரு வசதிக்கு.

"தட்டு ஏன் ஈரமா இருக்கு?" என்றார்.

"பூனைக்குச் சோறு வச்சேன்" என்றாள் காளியாயி.

மூன்று வருடமாக அவள் வேளைக்கு ஒரு வாக்கியம் என்ற அளவில்தான் பேசி வந்தாள். அந்த வேளைக்குரியது முடிந்துவிட்டது.

பூனை இஸ்தோப்பில் இருந்தது. காம்பரா என்கிற அறைக்கு முன்னால் இருக்கும் அந்தச் சிறிய தாழ்வாரத்தின் மூலையில், கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளின் மிலாறுக் கட்டுக்குப் பின்னால், மழையில் நனைந்த பழந்துணி மாதிரி ஒன்று ஒடுங்கிக் கிடந்தது. சாம்பல் நிறம். வாலில் பாதி இல்லை. எங்கிருந்தோ வெகுதூரம் நடந்து வந்ததுபோல் பாதங்கள் வெடித்திருந்தன. அது அவரை நிமிர்ந்து பார்த்தது. பூனை பார்ப்பதுபோல் ஓரக்கண்ணால் அல்ல. பேரைக் கூப்பிட்டதும் பதில் சொல்லத் தயாராக நிற்கும் ஆள் பார்ப்பதுபோல்.

கணேசமூர்த்தி உத்தரவு பிறப்பித்தார். மழை நிற்கும்வரை பூனை இஸ்தோப்பில் தங்கலாம், படி தாண்டக்கூடாது. மறுநாள் அது அடுப்படியில் கிடந்தது. அடுப்படி வரை வரலாம், காம்பராவுக்குள் ஆகாது என்று உத்தரவைத் திருத்தினார். அதற்கு அடுத்த நாள் காம்பராவுக்குள் வந்தது. பாயில் ஏறக்கூடாது என்றார். தோட்டத்தை ஆளும் பெரிய தொரை போடும் உத்தரவுகளை மழை எவ்வளவு மதித்ததோ அவ்வளவுதான் இவருடைய உத்தரவுகளைப் பூனை மதித்தது. ஒரு வாரத்தில் அது காளியாயியின் பக்கத்தில், சுவரோரமாக, ஒரு சின்னத் தலையணையில் தலை வைத்துப் படுத்திருந்தது. அந்தத் தலையணை எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். கேட்கவில்லை.

மழை நிற்கிற வழியாக இல்லை. தென்மேற்கிலிருந்து வந்த காற்று மலைமுகட்டில் மோதி, மூடுபனியைக் கட்டுக்கட்டாக லயத்துக்குள் தள்ளிக்கொண்டே இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கே விளக்கு வைக்க வேண்டியிருந்தது. தகரக்கூரையின்மேல் விழும் மழையின் இரைச்சலில் பக்கத்துக் காம்பராவில் குழந்தை அழுவதும் பீலியில் தண்ணீர் விழுவதும் ஒன்றாகக் கேட்டன. பச்சை மிலாறின் புகை, ஈரக் கம்பளியின் வீச்சம், ஃபேக்டரியில் வாடப் போட்ட கொழுந்தின் புளித்த மணம் எல்லாம் சேர்ந்து வீட்டுக்குள் ஓர் ஐந்தாவது சுவர்போல் நின்றன. அப்படியொரு மத்தியானத்தில், கோட்டைக் கொடியில் போட்டுவிட்டுத் தேத்தண்ணீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தபோது, அடுப்புக்குப் பின்னாலிருந்து இருமல் கேட்டது.

ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று இடைவெளி விடாமல், மூச்சு முழுவதும் தீர்ந்துபோகும்வரை. பிறகு ஒரு நிசப்தம். பிறகு தொண்டை நெரிந்து காற்றை உள்ளே இழுக்கும்போது எழும் அந்தக் கூவல்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பூனைதாங்க" என்றாள் காளியாயி. "தொண்டையில மயிர் சிக்கியிருக்கும்."

பூனைகள் இருமும். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் கக்குவான் இருமல் வந்த பூனையை அவர் கண்டதில்லை.

இந்த இடத்தில், கணக்கப்பிள்ளை யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

ஐம்பத்தோராம் வருடம் பிரஜாவுரிமைக்கு மனு எழுதும் காலம். இந்தியாவிலிருந்து வந்த பரம்பரைக்காரர்கள், குடும்பத்தோடு இந்த நாட்டிலேயே விட்டுப்போகாமல் குடியிருந்தோம் என்று காட்ட வேண்டும். மேற்கணக்கில் பாதிப்பேருக்கு மனு நிரப்பிக் கொடுத்தவர் கணேசமூர்த்திதான். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். தன்னுடைய மனுவில் மூன்று பேர் எழுதினார். ஒன்று, தான். இரண்டு, காளியாயி. மூன்று, மகள் நாகலெட்சுமி, வயது மூன்று.

அடுத்த வருடம் காளியாயி தம்பி கல்யாணத்துக்காகப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு துறையூருக்குப் போனாள். தம்பிக்குப் பெண் பார்த்தது தட்டிப்போய், வேறு பெண் பார்த்து, மாதங்கள் இழுத்தன. பன்னிரண்டு மாதம் வெளியே இருந்துவிட்டால் குடியிருப்பு அறுந்துவிடும் என்று கணேசமூர்த்தி சட்டம் படித்திருந்தார். பத்தாம் மாதம் முடிகிற நேரத்தில் நாகுவுக்குக் கக்குவான் கண்டது. கப்பல் ஏறுமுன் மண்டபம் கேம்ப்பில் டாக்டர்கள் பார்ப்பார்கள். இருமுகிற பிள்ளையைக் கரை தாண்ட விடமாட்டார்கள், பிள்ளையோடு தாயையும் வாரக்கணக்கில் அடைத்து வைப்பார்கள், தேதி தாண்டிவிடும்.

அவர் ஒரு கடிதம் எழுதினார். அதே முத்தான கையெழுத்து. "மண்டபத்தில் இருமுகிற பிள்ளையை விடமாட்டார்கள். பிள்ளையை உன் தம்பியிடம் விட்டு நீ உடனே புறப்படவும். சுகமானபின் அழைத்துக்கொள்ளலாம்."

காளியாயி பதினோரு மாதமும் பத்தொன்பது நாளும் ஆனபோது வந்து சேர்ந்தாள். சட்டப்படி வெற்றி. இரண்டு வாரத்தில் துறையூரிலிருந்து தபால் அட்டை வந்தது. அதில் நான்கு வரிகள். பிள்ளை கடைசிவரை அம்மாவைக் கேட்டாள் என்பது மூன்றாவது வரி.

இதை அவர் கந்தோருக்கு, அதாவது பிரஜாவுரிமை அலுவலகத்துக்கு, அறிவிக்கவில்லை. மனுவில் ஒரு வரியைத் தொட்டால் பிரயாணம் வெளியே வரும். பிரயாணம் வந்தால், அதை அறிவிக்காமல் மறைத்தது வெளியே வரும். மூன்று பேரும் போய்விடுவார்கள் என்று நினைத்தார். ஆகவே நாகலெட்சுமி காகிதத்தில் இருந்துகொண்டாள். வருடத்துக்கு ஒரு வயது வளர்ந்தாள். இப்போது அவளுக்கு எட்டு.

ஜூன் கடைசியில் கடிதம் வந்தது. ஜூலை பதினேழாம் தேதி விசாரணை அதிகாரி தோட்டத்துக்கு வருவார். லயம் லயமாக வருவார். மனுவில் கண்ட அத்தனை பேரும் வீட்டில் இருந்து, பேர் வாசித்ததும் பதில் சொல்லி, கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ இட வேண்டும்.

கணேசமூர்த்தி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பழனியாண்டியை வரச் சொன்னார். அவனுக்கு எட்டு வயதில் அழகாயி என்று ஒரு மகள். அவனும் மனு போட்டிருந்தான். அதையும் இவர்தான் நிரப்பியிருந்தார். திட்டம் எளிமையானது. அதிகாரி முதலில் பழனியாண்டி வீட்டில் அழகாயியைப் பார்ப்பார். அவர் லயத்தைச் சுற்றி வருவதற்குள் பிள்ளை பின்பக்கத்து வடிகானோரமாக ஓடி வந்து, வேறு பாவாடை கட்டி, நாகலெட்சுமியாகிவிடுவாள். கணக்கப்பிள்ளை சொன்னால் மறுக்கிற ஆள் மேற்கணக்கில் கிடையாது. பழனியாண்டி தலையைச் சொறிந்துகொண்டு சரியென்றான்.

ஜூலை முதல் தேதி ஒத்திகை தொடங்கியது. தினம் காலையில் பெரட்டு முடிந்து ஒரு தரம், மாலை ஐந்து மணிக்கு ஒரு தரம். கணேசமூர்த்தி கோட்டும் தொப்பியுமாக இஸ்தோப்பில் நாற்காலி போட்டு அதிகாரியாக உட்காருவார். பிறகு பெரட்டுக் குரலில், மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிறமாதிரி, மூன்று பேர்களையும் வாசிப்பார். தன் பேரை வாசித்துவிட்டுத் தானே எழுந்து நின்று "இருக்கேங்க" என்று சொல்லி, மறுபடி உட்கார்ந்து தன்னையே திருப்தியாகப் பார்த்துக்கொள்வார். காளியாயி வாசற்படியில் உட்கார்ந்தபடி சொல்வாள். அவள் மடியில் கம்பளிக்குள் பூனை இருக்கும்.

"நாகலெட்சுமி."

"இருக்கேங்க" என்பாள் அழகாயி.

இரண்டு நாள் நன்றாக நடந்தது. மூன்றாம் நாள் பதில் இரண்டு தரம் கேட்டது. தகரக்கூரையின் எதிரொலி என்று நினைத்தார். நான்காம் நாளும் எதிரொலி வந்தது. ஐந்தாம் நாள் எதிரொலி முந்திக்கொண்டது. பிள்ளை வாயைத் திறந்தபடி நின்றாள். அவள் இன்னும் சொல்லவில்லை. ஆனால் பதில் வந்துவிட்டது. கரகரத்த, மெல்லிய, மூச்சுப் போதாத ஒரு குரல்.

"நேரத்துக்குச் சொல்லணும்" என்று அழகாயியை அதட்டினார்.

பிள்ளை அவரைப் பார்க்கவில்லை. கம்பளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு முன்னுக்கு அவ சொல்லிட்டா" என்றாள்.

அதோடு அவள் வரவில்லை. மறுநாள் பெரட்டில் பழனியாண்டியைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றும், கந்தப்பளையில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகவும் சொன்னான்.

"அவ இல்லாட்டி என் பாடு என்ன ஆகிறது? உன் மனு என்ன ஆகிறது?"

"விசாரணைக்கு மொத நாளு வந்திருவாங்க ஐயா. எங்க வீட்டுக்குத்தான் வருவா." அவன் பீடியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகினான். "உங்க வீட்டுப் பேருக்குத்தான் ஆள் இருக்கேங்க. எம்புள்ள எதுக்கு?"

அவர் கோபப்பட வேண்டும் என்று நினைத்தார். கோபம் வரவில்லை. 

அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும்போது காளியாயி பேசிக்கொண்டிருப்பது வெளியே கேட்டது. ஒரு வாக்கியம் அல்ல. பத்து, இருபது. சிரிப்புக்கூட. அவர் படியில் கால் வைத்ததும் நின்றுவிட்டது. உள்ளே போனார். மூன்று தட்டிலும் சோறு போட்டிருந்தது. மூன்றாவது தட்டின் முன்னால் பூனை சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது. சோறு நக்கப்பட்டிருக்கவில்லை. பிசைந்திருந்தது.

அடுத்த நாளே ஒரு முடிவுக்கு வந்தார். மாதம் ஒரு தரம் லிந்துலையிலிருந்து சீத்தைத் துணி மூட்டையோடு நஸார் என்ற வியாபாரி வருவார். காளியாயி பீலிக்குப் போன நேரம் பார்த்து, கணேசமூர்த்தி பூனையைக் கொழுந்துச் சாக்கில் போட்டுக் கட்டினார். அது எதிர்க்கவில்லை. சாக்குக்குள் தானாகவே போனது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் நஸாரை மறித்து, டவுனுக்கு அந்தப்பக்கம் எங்காவது ஆற்றங்கரையில் விட்டுவிடும்படி சொல்லிக் கொடுத்தார்.

நஸார் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, பூனை கடிக்குமா, பொண்டாட்டி மாதிரி சும்மா சீறுமா என்று ஏதோ பகடி பண்ணிக்கொண்டே முப்பது அடி நடந்தார். நின்றார். அசையாமல் நின்றார். பிறகு திரும்பி வந்து, உடையக்கூடிய சாமானை இறக்குவதுபோல் சாக்கை மெதுவாகத் தரையில் வைத்தார். 

"என்ன கணக்கப்பிள்ளை ஐயா, புள்ளையச் சாக்குல கட்டித் தாறீங்க?"

"பூனை, நஸார்."

"என் விரலப் புடிச்சிச்சு" என்றார் நஸார். "சாக்கோட சேத்துப் புடிச்சிச்சு. புடிச்சிக்கிட்டு இருமுது."

அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினார். அதற்குப் பிறகு மேற்கணக்குப் பெண்களுக்குச் சீத்தை வாங்க லிந்துலைக்கு நடக்க வேண்டியதாயிற்று.

கணேசமூர்த்தி சாக்கை அவிழ்க்கவில்லை. பின்னால் காலடி கேட்டது. காளியாயி தண்ணீர் வாளியை வைத்துவிட்டு, குனிந்து, முடிச்சை அவிழ்த்தாள். கம்பளியை விரித்து வாரி எடுத்துக்கொண்டாள். பிறகு மூன்று வருடத்துக்கும் சேர்த்துப் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏங்க, நீங்கதானே தினம் ரெண்டு நேரம் பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்க. அப்பா கூப்பிட்டா பதில் சொல்லாம என்ன செய்வா? இருமுற புள்ளைய மண்டபத்துல விடமாட்டாங்கன்னு எழுதினீங்க. புள்ளையத்தான் விடமாட்டாங்க. பூனைய அங்க யாரு கேக்கப்போறா?"

பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. 

ஒத்திகையை அன்றே நிறுத்தினார். ஒன்றும் நின்றுவிடவில்லை. மாலை ஐந்து மணிக்கு, யாரும் வாசிக்காமலே, அடுப்புக்குப் பின்னாலிருந்து "இருக்கேங்க" என்று வந்தது. நேரம் பிசகாமல்.

என்ன செய்வது? கந்தோருக்குப் போய், மகள் செத்துப்போனாள் என்று உண்மையைச் சொல்லலாம். சொன்னால் பொய் மனு. பொய் மனு என்றால் அந்தக் கரை. அந்தக் கரையில் அவருக்குத் துறையூரில் ஒரு மண்மேடு தவிர எதுவும் இல்லை. சொல்லாவிட்டால், இந்த வீடு. இந்த இரண்டு காம்பரா. இந்த அடுப்பு. அவர் இரவில் தூங்குவதை விட்டார். சுவரோரச் சின்னத் தலையணையிலிருந்து மூச்சு கேட்கும். இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. நிற்கும்போதெல்லாம் அவர் தன் மூச்சையும் பிடித்துக்கொள்வார். அது நின்றே போகட்டும் என்று ஒரு கணம். ஐயோ, நின்றுவிடக் கூடாதே என்று மறு கணம்.

பதினைந்தாம் தேதி மலை சரிந்தது. தலவாக்கலைப் பக்கத்து ரோட்டு மண்ணுக்குள் போனது. பஸ் இல்லை. நுவரெலியாவிலிருந்து மரக்கறி லொறிகூட இல்லை. அதிகாரி வரமாட்டார் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. கணேசமூர்த்தி நெற்றியில் திருநீறு பூசி, முருகனுக்கு ஒரு தேங்காய் உடைத்தார்.

அரசாங்கம் எத்தனையோ நாட்கள் வராமல் இருந்திருக்கிறது. பதினேழாம் தேதி வந்தது. மண்மேட்டில் ஏறி, குடை பிடித்துக்கொண்டு, நடந்தே வந்தது.

அதிகாரி இளவயது மனிதர். கடமை என்ற சொல்லைக் கஞ்சி போட்டு உடுத்தியிருந்தார். முழங்காலுக்குக் கீழே சேறு. கூட மொழிபெயர்க்க ஒரு கிளார்க். முதல் லயம், இரண்டாம் லயம், மூன்றாம் லயம் என்று வரிசை குலையாமல் வந்து, மாலை நான்கு மணிக்குக் கணக்கப்பிள்ளை வீட்டு இஸ்தோப்பில் ஏறினார். மூடுபனியும் அவரோடு ஏறியது. காம்பராவுக்குள் ஒரு விளக்கு. அதன் வெளிச்சம் ஒரு முழத்துக்குமேல் போகவில்லை.

காளியாயி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் கம்பளி. கம்பளிக்குள் ஏதோ ஒரு பாரம்.

அதிகாரி காகிதத்தைப் பிரித்தார். கிளார்க் வாசித்தார்.

"கணேசமூர்த்தி."

"இருக்கேங்க." அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"காளியாயி."

"இருக்கேங்க."

இப்போது சொல்லிவிட வேண்டும். ஐயா, மூன்றாவது பேரில் ஆள் இல்லை. ஐந்து சொல். வாயைத் திறக்கப் பார்த்தார். தாடை அசையவில்லை. கையைத் தூக்கினார். தலையை ஆட்டினார். கண்ணில் நீர் முட்டியது. அதிகாரி அவரைப் பார்த்தார். ஊடுருவிப் பார்த்தார். பிறகு காகிதத்துக்குத் திரும்பினார்.

"நாகலெட்சுமி."

மழை நின்றது. கூரைமேல் ஒரு சொட்டு இல்லை.

"இருக்கேங்க."

பிறகு இருமல். ஐந்து. பத்து. பதினைந்து. கூவல்.

கிளார்க் ஏதோ சொன்னார். அதிகாரி தலையசைத்து, குனிந்து, கம்பளியின் மேல் தட்டிக்கொடுத்தார். "ஹொந்த லமயா" என்றார். நல்ல பிள்ளையாம். மைப்பெட்டியை நீட்டினார். கம்பளி அசைந்தது. ஒன்று வெளியே வந்தது. காளியாயியின் தோள் மறைத்தது. விளக்குத் திரி படபடத்தது. கிளார்க் பிடித்தார். மையில் ஒற்றினார். காகிதத்தில் அழுத்தினார்.

"காச்சல் போல. கை சுடுது" என்றார் கிளார்க்.

காகிதத்தை விளக்கருகில் வைத்துக் காய வைத்தார்கள். கணேசமூர்த்தி பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஊதா மையில் ஒரு பெருவிரல். எட்டு வயதுப் பிள்ளையுடையது அல்ல. நான்கு வயது. ஐந்துக்குமேல் இராது. கோடுகள் சுழிசுழியாக. நடுவில் பிறைபோல் ஒரு தழும்பு. மூன்று வயதில் நாகு அடுப்பைத் தொட்ட இடம்.

அவர்கள் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். காலடி ஓசை மூடுபனிக்குள் கரைந்தது.

கம்பளி விலகியது. பூனை உட்கார்ந்து, முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. நாக்கு ஊதாவாக இருந்தது.

டிசம்பரில் பத்திரம் வந்தது. மூன்று பேர், ஒரு முத்திரை. கணேசமூர்த்தி அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை. பெட்டியின் அடியில் வைத்தார். வேறு தோட்டத்துக்கு மாற்றம் கேட்டுத் தொரைக்கு எழுத உட்கார்ந்தார். காளியாயி தலைக்குமேல் நின்று படித்தாள். தாராளமாகப் போங்கள், நாங்கள் இருக்கிறோம் என்றாள். நீங்கள் எங்கே இருந்தாலும் நாகு வந்துவிடுவாள், அவளுக்கு நடக்கத் தெரியும் என்றாள். அவர் காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார்.

பெரட்டில் அவர் இப்போதும் பேர் வாசிக்கிறார். குரல் மலைக்கு அந்தப் பக்கம் போவதில்லை. மாலை ஐந்து மணிக்குள் எங்கே இருந்தாலும் வீட்டுக்கு வந்துவிடுவார். கோட்டைக் கழற்றமாட்டார். காம்பராவின் நடுவில் நேராக நிற்பார். மூன்று தட்டும் கழுவி வைத்திருக்கும். அடுப்புக்குப் பின்னால் இருட்டு. இருட்டுக்குள் இரண்டு கண், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். சில நாட்களில் அதைவிடக் கொஞ்சம் உயரத்தில். அது வருடத்துக்கு ஒரு வயது வளர்ந்துகொண்டிருக்கிறது.

"கணேசமூர்த்தி" என்று வாசிக்கும்.

பெரட்டுக் குரல். அவருடைய குரலேதான், ஒரு சின்னத் தொண்டையில்.

"இருக்கேங்க" என்பார்.

ஒரே ஒரு நாள் அவர் பதில் சொல்லாமல் நின்று பார்த்தார்.  பிறகு சுவரில், அவர் உயரத்தில், நகத்தால் ஒரு கோடு மெதுவாக இழுபடும் ஓசை. பாதி வருவதற்குள் மூன்று தரம் சொல்லிவிட்டார். அந்தப் பாதிக் கோடு இன்னும் இருக்கிறது.

பழனியாண்டியின் மனு தள்ளுபடியாயிற்று. ரோட்டு சரிந்து கிடந்ததால் கந்தப்பளையிலிருந்து வர முடியாமல், விசாரணையன்று அவன் மகள் வீட்டில் இல்லை.